எதிராளி விழுந்துவிட்டால்: காத்திருப்பதா, அட்டாக் செய்வதா, அதே வேகத்தில் போவதா?

2010 ஜூலை 19. டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வாரச் சைக்கிள் பந்தயத்தின் 15ஆவது கட்டம். கட்டம் என்றால் ஒரு நாள் ஓட்டம். பைரனீஸ் மலையில் போர்ட் டி பாலெஸ் என்ற ஏற்றம். மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் இருந்த லக்சம்பர்க் வீரர் ஆண்டி ஷ்லெக், சீட்டிலிருந்து எழுந்து ஓங்கி மிதித்து மற்றவர்களை உதறப் பார்த்தார். சில நொடிகளில் அவருடைய செயின் கழன்றுவிட்டது. அவர் இறங்கி நின்று கையால் செயினை மாட்டப் போராடிக்கொண்டிருக்க, அவரைவிட 31 நொடி மட்டுமே பின்தங்கியிருந்த ஸ்பெயினின் ஆல்பர்ட்டோ கொன்டடோர் அவரைத் தாண்டிப் போனார். உச்சியைக் கடந்தும் நிற்கவில்லை, இறக்கத்திலும் விடவில்லை. லூஷோன் ஊரில் கட்டம் முடிந்தபோது ஷ்லெக் 39 நொடி இழந்திருந்தார். மஞ்சள் ஜெர்சி 8 நொடி வித்தியாசத்தில் கைமாறியது. மேடையில் கொன்டடோர் அதை அணிந்தபோது கூட்டத்தில் பலர் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். அன்று இரவே அவர் ஒரு காணொளியில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஆண்டு 3,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி முடித்துப் பாரிஸ் வந்து சேர்ந்தபோது, இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசமும் 39 நொடிதான். பிற்பாடு ஊக்கமருந்து வழக்கில் 2012இல் கொன்டடோரின் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்குப் போனது. அது வேறு கதை.

அன்று எனக்குக் கொன்டடோர் மீது வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் கோபத்துக்கான காரணம் மாறிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும், மே மாதத்து இத்தாலியப் பந்தயத்திலும், யாராவது விழும்போதெல்லாம் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த இடத்தில் இருக்கும் வீரருக்கு என்னென்ன வழி இருக்கிறது, எது சரி என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். சைக்கிள் பந்தயத்தில் அட்டாக் என்றால் யாரையும் இடிப்பதோ தள்ளுவதோ அல்ல. கூட்டத்தை விட்டுத் திடீரென்று வேகமெடுத்துப் பிய்த்துக்கொண்டு போவது. அதுதான் இந்த விளையாட்டின் உயிர். அட்டாக் இல்லாத பந்தயம் வெறும் ஊர்வலம். ஆகவே "அட்டாக் செய்தது தப்பு" என்று சொல்வதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது.

எதிராளி விழுந்தாலோ பஞ்சர் ஆனாலோ மூன்று வழிகள். வேகத்தைக் குறைத்து அவர் வந்து சேரும்வரை காத்திருக்கலாம். அதுதான் தருணம் என்று அட்டாக் செய்யலாம். இரண்டும் இல்லாமல், ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த அதே வேகத்தில் தொடரலாம். விதிப் புத்தகத்தில் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. சமதளக் கட்டங்களில் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தவருக்கு, அவர் எந்தக் குழுவோடு இருந்தாரோ அந்தக் குழுவின் நேரத்தையே கொடுப்பார்கள். இப்போது சில கட்டங்களில் அதை 5 கி.மீ. வரை நீட்டுகிறார்கள். மலையுச்சியில் முடியும் கட்டங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு வெளியே எல்லாம் வீரர்கள் தங்களுக்குள் காப்பாற்றி வரும் எழுதாத வழக்கம்தான்.

இதில் இடம் முக்கியம். சமதளத்தில் மணிக்கு 45, 50 கி.மீ. வேகத்தில் போகும்போது, முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும். அங்கே ஒரு தலைவருக்குப் பஞ்சர் ஆனால், அவருடைய அணியினர் நான்கைந்து பேர் பின்னுக்கு வந்து, மாறி மாறிக் காற்றைத் தாங்கி, அவரைக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அணியின் காரும் பக்கத்திலேயே இருக்கும். ஏற்றத்தில் கதை வேறு. வேகம் குறைவு, ஒட்டிக்கொள்வதில் பெரிய லாபம் இல்லை, அணியினர் பலர் ஏற்கெனவே கழன்றிருப்பார்கள், கார் எங்கேயோ பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும். அங்கே போன நொடி போனதுதான். சமதளத்தில் காத்திருப்பதால் பெரிய இழப்பு யாருக்கும் இல்லை; அது மரியாதை. மலையில் காத்திருப்பது உண்மையான தியாகம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

காத்திருந்தவர்கள்

2003 டூரின் 15ஆவது கட்டம், லூஸ் ஆர்டிடென் ஏற்றம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் மஞ்சள் ஜெர்சியில். ஜெர்மனியின் யான் உல்ரிச் அவரைவிட வெறும் 15 நொடி பின்னால். சாலையோரம் நின்ற ரசிகர் ஒருவரின் பையில் ஆம்ஸ்ட்ராங்கின் ஹேண்டில்பார் மாட்டி, அவர் தடாலென்று விழுந்தார். கூட வந்த ஈபான் மாயோவும் விழுந்தார். உல்ரிச் மயிரிழையில் விலகித் தப்பினார். எதிராளி தரையில், முன்னால் மலை, இடைவெளி 15 நொடி. இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒரு வீரரின் வாழ்நாளில் வராது. உல்ரிச் வேகமெடுக்கவில்லை. டைலர் ஹாமில்டன் முன்னால் வந்து, மெதுவாகப் போங்கள் என்று மற்றவர்களுக்குக் கையால் சைகை காட்டினார். ஆம்ஸ்ட்ராங் வந்து சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவரே அட்டாக் செய்து, உல்ரிச்சை 40 நொடி பின்தள்ளி அந்தக் கட்டத்தை வென்றார். பாரிஸில் இறுதி வித்தியாசம் 1 நிமிடம் 1 நொடி.

உல்ரிச் உண்மையிலேயே காத்திருந்தாரா, வேகத்தைக் கூட்டாமல் இருந்தார் என்பது மட்டும்தானா என்று இன்றும் வாதம் உண்டு. எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. அவர் அந்த வாய்ப்பைத் தொடவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2001 டூரில் பெய்ரெசூர்ட் இறக்கத்தில் உல்ரிச் சாலையை விட்டு உருண்டபோது ஆம்ஸ்ட்ராங் அவருக்காகக் காத்திருந்தார். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தது மாதிரி.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. ஹாமில்டனும் உல்ரிச்சும் பின்னாளில் தாங்களும் ஊக்கமருந்து வழியில் போனதை ஒப்புக்கொண்டார்கள். எழுதிய விதியைத் தினமும் மீறிக்கொண்டிருந்த அதே மனிதர்கள், எழுதாத விதியை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. கூட்டத்துக்குள் ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்தாக வேண்டும். மூன்று வாரம் ஒரே சாலை, ஒரே காற்று. அங்கே வெட்கம் என்று ஒன்று வேலை செய்தது. பரிசோதனைக் குப்பியின் முன்னால் அந்த வெட்கம் வேலை செய்யவில்லை.

2022 டூரின் 18ஆவது கட்டம் இன்னும் தெளிவான காட்சி. ஸ்பாண்டெல் கணவாயின் இறக்கம். மஞ்சள் ஜெர்சியில் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர், அவரைவிட 2 நிமிடம் 18 நொடி பின்னால் ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார். முதலில் விங்கெகோரின் சக்கரம் வழுக்கி, விழாமல் தப்பினார். கொஞ்ச தூரத்தில் பொகாச்சார் சாலையோர ஜல்லியில் இறங்கி விழுந்தார். விங்கெகோர் திரும்பிப் பார்த்தார், மிதிப்பதை நிறுத்தினார். கிழிந்த உடையோடு பொகாச்சார் வந்து சேர்ந்து கையை நீட்ட, இருவரும் ஓடுகிற சைக்கிளிலேயே கை கொடுத்துக்கொண்டார்கள். பிறகு ஓட்டகாம் ஏற்றத்தில் விங்கெகோர் அவரை நேருக்கு நேர் உதறி, 1 நிமிடம் 4 நொடி வித்தியாசத்தில் வென்றார்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னிலை வைத்திருப்பவர் காத்திருப்பதும் 15 நொடி பின்தங்கியவர் காத்திருப்பதும் ஒன்றல்ல. விங்கெகோருக்கு அன்று அணி பலமும் இருந்தது, அவசரமும் இல்லை. ஆனாலும் அந்தக் கை குலுக்கல் வீண் போகவில்லை. 2025 டூரின் 11ஆவது கட்டம், துலூஸ் ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்னால் பொகாச்சார் இன்னொருவரின் சக்கரத்தில் பட்டு விழுந்தார். விங்கெகோர் இருந்த முன் குழு வேகத்தைத் தளர்த்தி அவரைச் சேர விட்டது. மறுநாள் அதே ஓட்டகாம் மலையில் பொகாச்சார் விங்கெகோரை 2 நிமிடம் 10 நொடி பின்தள்ளி வென்றார். காத்திருந்ததற்காக யாரும் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. விழுந்தவரைத் தோற்கடித்ததற்கும் நின்றவரைத் தோற்கடித்ததற்கும் உள்ள வித்தியாசம் அந்த இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

காத்திருப்பதில் குறை ஒன்றும் இல்லையா? இருக்கிறது, அது பெரிய குறை. 2010 டூரின் 2ஆவது கட்டம், பெல்ஜியத்தின் ஸ்பா. மழையில் ஸ்டோக்கூ குன்றின் இறக்கம் வழுக்குத் தளமாகிவிட, கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ஆண்டி ஷ்லெக்கும் அவருடைய அண்ணன் ஃபிராங்க்கும் விழுந்தவர்களில் உண்டு. மஞ்சள் ஜெர்சியில் இருந்தவர் அவர்களுடைய அணித் தோழர் ஃபாபியன் கன்செலாரா. அவர் முன்னால் வந்து எல்லோரையும் மெதுவாக்கினார். கடைசியில் யாரும் ஸ்பிரிண்ட், அதாவது முடிவுக் கோட்டை நோக்கிய முழு வேகப் பாய்ச்சல், அடிக்க வேண்டாம் என்றும் பேசி முடித்தார். முன்னால் தனியாகப் போயிருந்த சில்வான் ஷவானெல் கட்டத்தையும் மஞ்சள் ஜெர்சியையும் எடுத்துக்கொண்டார். கன்செலாரா தன் ஜெர்சியையே விட்டுக்கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிப்பவர் அணியும் பச்சை ஜெர்சிக்காக அன்று பாடுபட்ட நார்வேயின் தோர் ஹூஷோவ்டுக்குக் கோபம் பொங்கியது. அவர் கேட்டது நியாயம். ஒருவருடைய பெருந்தன்மைக்கு இன்னொருவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? வட பிரான்ஸின் கல் பாவிய பாதைகள். ஃபிராங்க் ஷ்லெக் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. அந்த விபத்தில் குழு உடைந்ததும், அதே கன்செலாரா முன்னால் ஆண்டியை இழுத்துக்கொண்டு பறந்தார். பின்னால் மாட்டிக்கொண்ட கொன்டடோர் 1 நிமிடம் 13 நொடி இழந்தார். யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. அன்று கட்டத்தை வென்றவர் ஹூஷோவ்ட். எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

இரண்டு வாரம் கழித்து செயின் கழன்றபோது ஷ்லெக் மனம் நொந்தது புரிகிறது. ஆனால் ஸ்பாவையும் கல் பாதையையும் சேர்த்து நினைக்காமல் அந்த மலையை மட்டும் பார்ப்பது முறையல்ல.

அதைவிடக் கசப்பான ஒன்று: காத்திருப்பது எப்போதும் பெரியவர்களுக்குத்தான். மஞ்சள் ஜெர்சி விழுந்தால் கூட்டமே நிற்கிறது. பட்டியலில் 87ஆவது இடத்தில் இருக்கும் ஒரு உதவி வீரர், தன் தலைவருக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போகும் வழியில் விழுந்தால், கூட்டம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் தோல் உரிந்த முழங்கையோடு தனியாக மிதித்து, நேர வரம்புக்குள் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த வழக்கத்தை உயர்வாகப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அட்டாக் செய்தவர்கள்

ஒரு நாள் பந்தயங்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. 2023 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் மத்தியூ வான் டெர் போலும் வாட் வான் ஆர்ட்டும் கடைசிக் கடினமான கல் பாதையில் ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும்போது வான் ஆர்ட்டின் டயர் போனது. வான் டெர் போல் தனியாகப் போய் வென்றார். 2025இல் அதே பந்தயத்தில் பொகாச்சார் ஒரு வளைவைத் தப்பாகக் கணித்துத் தடுப்பில் மோதி நேரம் இழந்தார். வான் டெர் போல் போய்க்கொண்டே இருந்தார், மறுபடி வென்றார். இரண்டு முறையும் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அங்கே கல்லும் சேறும்தான் பந்தயம். டயர் தாங்குவதும் திறமை. அப்புறம், நாளை என்று ஒன்று கிடையாது. கடன் கொடுத்தால் திருப்பி வாங்க வழியில்லை.

மூன்று வாரப் பந்தயத்தில் நாளை இருக்கிறது. அதனால்தான் அங்கே அட்டாக் செய்தவர்களின் பேர் கெடுகிறது. 2017 டூரின் 9ஆவது கட்டம், மோன் டு ஷா மலை. மஞ்சள் ஜெர்சியில் இருந்த கிறிஸ் ஃப்ரூம், சைக்கிளில் கோளாறு என்று கையைத் தூக்கினார். அந்த நொடியே இத்தாலியின் ஃபாபியோ ஆரு அவரை உரசுவது போலத் தாண்டி அட்டாக் செய்தார். மற்றத் தலைவர்கள் ஒத்துழைக்கவில்லை. குழு மெதுவாகி, ஃப்ரூம் திரும்ப வந்து சேர்ந்தார். கை தூக்கியதைப் பார்க்கவில்லை என்றார் ஆரு.

இந்த "பார்க்கவில்லை" என்ற சொல்லைக் கவனியுங்கள். கொன்டடோரும் முதலில் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். நாடித் துடிப்பு உச்சத்தில் இருக்கும்போது, கண்ணில் வியர்வை வழியும்போது, பக்கத்தில் நடப்பது தெரியாமல் போகலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காதில் ரேடியோ இருக்கிறது. பின்னால் காரில் அணி இயக்குநர் இருக்கிறார். பார்க்கவில்லை என்பது முதல் 30 நொடிக்குச் செல்லுபடியாகும். அதற்கு மேல் ஆகாது.

ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டா, 2019இல் அதன் 19ஆவது கட்டம், தொலேதோ போகும் வழி. முடிவுக்கு 60 கி.மீ.க்கு மேல் இருக்கும்போது ஈரச் சாலையில் பலர் விழுந்தார்கள். அங்கே முன்னிலைக்கு அடையாளமான சிவப்பு ஜெர்சியில் இருந்த பிரிமோஷ் ரோக்லிச்சும் மிகேல் ஆங்கெல் லோபெஸும் அவர்களில் உண்டு. ஸ்பெயினின் மொவிஸ்டார் அணி முன்னால் போய் வேகத்தை ஏற்றியது. அந்த இடத்தில், பக்கக் காற்றில் கூட்டத்தை உடைக்க முன்பே திட்டம் போட்டிருந்தோம் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பு வந்ததும் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். லோபெஸ் கடுமையாகத் திட்டினார், பிறகு தன் வார்த்தைகளுக்கு மன்னிப்புக் கேட்டார். எனக்கு இதில் பிடிக்காதது அந்த அரைகுறைத்தனம். திட்டம் நியாயம் என்றால் முடிவுவரை போயிருக்க வேண்டும். நியாயம் இல்லை என்றால் தொடங்கியிருக்கக் கூடாது. நேரமும் கிடைக்கவில்லை, பேரும் கெட்டது.

1999 டூரில் பாசாஜ் டு குவாவில் நடந்ததையும் அட்டாக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அலை ஏறும்போது கடலுக்குள் மூழ்கும் நாலு கி.மீ. நீளச் சாலை அது. வழுக்கலில் பெரிய விபத்து. முன்னால் தப்பியவர்கள் முழு வேகத்தில் போனார்கள். சுவிட்சர்லாந்தின் அலெக்ஸ் சூல்லெ ஆறு நிமிடத்துக்கு மேல் இழந்தார். பாரிஸில் அவர் இரண்டாமிடம். வித்தியாசம் 7 நிமிடம் 37 நொடி. அந்த ஆறு நிமிடத்தைக் கழித்துப் பார்க்காதவர்கள் கிடையாது. ஆனால் அன்று முன்னால் ஓட்டியவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் பாதை ஆபத்து என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். அதில் முன்னால் நுழைய வேண்டும் என்று எல்லோரும் முட்டி மோதினார்கள். முன்னால் நுழைந்ததே அவர்களுடைய உழைப்பு.

அதே வேகத்தில் போனவர்கள்

மூன்றாவது வழிக்குப் பெயர் கிடையாது, புகழும் கிடையாது. நிற்கவும் இல்லை, பாயவும் இல்லை என்றால் இரண்டு பக்கமும் திட்டுவார்கள். ஆனால் எனக்கு இந்த வழி மீது வர வர மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

ஜீரோ டி இத்தாலியா என்பதுதான் அந்த மே மாதத்து இத்தாலியப் பந்தயம். 2016இல் அதன் 19ஆவது கட்டம். அங்கே முன்னிலைக்கு அடையாளமான இளஞ்சிவப்பு ஜெர்சியில் நெதர்லாந்தின் ஸ்டீவன் க்ரைஸ்வைக், 3 நிமிட முன்னிலையோடு. 2,744 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோலே டெல் ஆன்யெல்லோ கணவாயைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும், ஒரு வளைவில் சாலையோரப் பனிச் சுவரில் மோதிக் குட்டிக்கரணம் போட்டு விழுந்தார். கூட இருந்த வின்சென்சோ நிபாலியும் எஸ்டெபான் சாவெஸும் போய்க்கொண்டே இருந்தார்கள். க்ரைஸ்வைக் அன்று 4 நிமிடம் 54 நொடி இழந்தார். விலா எலும்பிலும் முறிவு. மறுநாள் நிபாலி ஜீரோவையே கைப்பற்றினார். க்ரைஸ்வைக் நாலாமிடம்.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போது வயிறு பிசைந்தது. ஆனாலும் நிபாலி நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இறக்கத்தில் ஓட்டுவதும் ஏற்றத்தில் மிதிப்பது போலவே ஒரு திறமை. நிபாலி அதில் கைதேர்ந்தவர். அவர் அந்த இறக்கத்தில் அழுத்தம் கொடுத்ததுதான் பந்தயம். அந்த அழுத்தத்தில் எதிராளி தவறு செய்தால், அந்தத் தவறுக்காக நிற்கச் சொல்வது, தவறே செய்யாதவரைத் தண்டிப்பது.

2017 ஜீரோவில் இன்னும் சங்கடமான ஒன்று. 15ஆவது கட்டத்தில் நைரோ கின்டானா இறக்கத்தில் விழுந்தபோது, இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்த டாம் டுமூலின் குழுவை மெதுவாக்கி அவரைச் சேர விட்டார். நடுவில் ஒரு ஓய்வு நாள். அடுத்தது 16ஆவது கட்டம், உம்ப்ரைல் கணவாயின் அடிவாரம். டுமூலினுக்கு வயிறு கலக்கிவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டுச் சாலையோரம் ஒதுங்க வேண்டியதாயிற்று. முன்னால் போன நிபாலியும் கின்டானாவும் மற்றவர்களும் காத்திருக்கவில்லை. கின்டானாவைவிட 2 நிமிடம் 41 நொடி முன்னிலையில் இருந்த டுமூலினுக்கு அன்று மாலை மிஞ்சியது 31 நொடி. அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார், மற்றவர்களை அல்ல. கடைசியில் அதே 31 நொடி வித்தியாசத்தில் ஜீரோவை வென்றார் என்பது எனக்கு இன்றும் சந்தோஷம்.

கின்டானா காத்திருந்திருக்க வேண்டுமா? இரண்டு நாள் முன்னால் தனக்காக நின்றவர் டுமூலின். மனசு ஆமாம் என்கிறது. ஆனால் முன்னால் ஏற்கெனவே ஒரு குழு போய்க்கொண்டிருந்தது, கடைசி மலை தொடங்கிவிட்டது, பந்தயம் கொதித்துக்கொண்டிருந்தது. அட்டாக் செய்யாமல் இருந்திருந்தாலே போதும் என்பதுதான் என் கணக்கு.

1971 டூரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. எடி மெர்க்ஸைவிட ஏழு நிமிடத்துக்கு மேல் முன்னிலையில் லூயிஸ் ஒகானா. ஜூலை 12, கோல் டி மாந்தே இறக்கத்தில் ஆலங்கட்டி மழை. முன்னால் அழுத்திப் போன மெர்க்ஸ் விழுந்தார், பின்னால் வந்த ஒகானாவும் விழுந்தார். மெர்க்ஸ் எழுந்து போய்விட்டார். எழப் போன ஒகானா மீது யூப் சூட்டமெல்க் வந்து மோதினார். ஒகானாவின் டூர் அங்கேயே முடிந்தது. மெர்க்ஸ் நிற்கவில்லை, நின்றிருக்கவும் முடியாது. ஆனால் மறுநாள் கட்டத்தில் மஞ்சள் ஜெர்சியை அணிய மறுத்துவிட்டார். அது தான் வென்றது அல்ல என்று அவருக்குத் தெரியும். பந்தயத்தை விட்டுக்கொடுக்காமலும் எதிராளிக்கு மரியாதை செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் என்றால் எப்படி முடிவெடுப்பேன்

முதலில் பார்க்க வேண்டியது, அந்த இடைஞ்சல் பந்தயத்துக்கு உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பதை. 2012 டூரில் பெகேர் மலையுச்சியில் யாரோ சாலையில் ஆணிகளைப் போட்டிருந்தார்கள். சுமார் முப்பது பேருக்கு டயர் போனது. முந்தைய ஆண்டின் வெற்றியாளர் கேடல் எவன்ஸுக்கு மட்டும் மூன்று முறை. மஞ்சள் ஜெர்சியில் இருந்த பிராட்லி விக்கின்ஸ் கூட்டத்தை நிறுத்தி எவன்ஸைச் சேர விட்டார். முன்னால் பாய்ந்த பியேர் ரோலான் திட்டு வாங்கினார். தனக்கு விஷயம் தெரியாது என்றார். இங்கே காத்திருப்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. ஆணி போட்டவனுக்கு டூரின் முடிவைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. ரசிகரின் பை, வண்டியிலிருந்து சிந்திய எண்ணெய், இவையும் அப்படித்தான். 2016 டூரில் வோன்டூ மலையில் கூட்டம் சாலையை அடைத்து, மோட்டார் சைக்கிள் நின்று, அதில் ஃப்ரூம் உள்ளிட்ட மூவர் மோதினார்கள். அன்று வீரர்கள் தலையில் பாரத்தைப் போடாமல் நடுவர்களே நேரத்தைத் திருத்தினார்கள். வெளி இடைஞ்சலுக்கு அதுதான் சரியான வழி. வீரர்களின் பெருந்தன்மையை மட்டும் நம்பினால் ஹூஷோவ்டுக்கு நடந்தது மறுபடி நடக்கும்.

உள்ளிருந்து வந்தது என்றால், அடுத்தது: பந்தயம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? கூட்டம் அமைதியாகப் போகும் நேரத்தில், சாப்பாட்டுப் பை வாங்கும் இடத்தில், சிறுநீர் கழிக்க ஒதுங்கும் நேரத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டால், காத்திருக்கலாம். இழப்பு யாருக்கும் இல்லை. கடைசி மலையில் பந்தயம் கொதிக்கும்போது என்றால் நான் நிற்க மாட்டேன். நிற்கச் சொல்லி யாரையும் கேட்கவும் மாட்டேன். ஆனால் எதிராளி விழுந்ததைப் பார்த்த பிறகு வேகத்தைக் கூட்ட மாட்டேன். ஏற்கெனவே என்ன வேகமோ அதே வேகம். அவர் அதைத் துரத்திப் பிடிக்க முடிந்தால் பிடிக்கட்டும். உல்ரிச் மாதிரி, விங்கெகோர் மாதிரி முழுதாக நிற்பவரைப் பார்த்தால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். ஆனால் அதைக் கடமையாக்க மாட்டேன். கடமையாக்கினால் அதன் அழகும் போகும், விழுந்தால் எப்படியும் நிற்பார்கள் என்று இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவர்களும் வருவார்கள்.

இந்த அளவுகோலோடு திரும்பப் போர்ட் டி பாலெஸ் மலைக்குப் போனால், கொன்டடோர் மீது எனக்கு இருந்த பழைய கோபத்தின் பாதி கரைந்துவிடுகிறது. அட்டாக் செய்தது ஷ்லெக். பந்தயத்தைத் தொடங்கியவர் அவர். அதற்குப் பதில் சொல்ல கொன்டடோரின் அணித் தோழர் வினோகூரோவ் கிளம்பிவிட்டார், பின்னாலிருந்து கொன்டடோரும் எழுந்துவிட்டார். அந்த வேகத்தில் ஒருவர் நின்றுபோனால் தாண்டித்தான் போக முடியும். செயினும் வெளியாள் யாரும் கழற்றியது அல்ல.

மீதிப் பாதி கரையவில்லை. உச்சியில் அவரோடு சாமுவேல் சான்செஸும் டெனிஸ் மென்ஷோவும் இருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியவர்கள், மூன்றாமிடத்துக்காகத் தங்களுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் வேகமாகப் போனது அவர்களுடைய உரிமை. கொன்டடோர் நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, காற்றைத் தாங்கும் முறை தனக்கு வரும்போது முன்னால் போகாமல் இருந்தால் போதும். இந்த விளையாட்டில் தினமும் நூறு முறை நடக்கிற சாதாரணச் செய்கை அது. ஷ்லெக் வந்து சேர்ந்திருப்பாரா என்பது அவருடைய கால்களின் பாடு. லூஷோன் வரை இறங்க 20 கிலோமீட்டருக்கு மேல் சாலை இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கொன்டடோருக்கு அந்த வாய்ப்பு மறுபடி மறுபடி வந்தது.